ஜாமெட்ரி பாக்ஸ்: வாங்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

மகளுக்காக இந்த ஜூன் மாதம் இரண்டு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். ஒன்று கேம்லின் தகரப் பெட்டி. நான் கேட்டு வாங்கியது. இன்னொன்று மூடியில் படம் போட்ட பிளாஸ்டிக் பெட்டி; அவள் ஆசைப்பட்டது. அதன் கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. அதே தரத்தில் பல பெயர்களில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. திருச்சி சின்னக்கடை வீதிப் பக்கம் நான் வாங்கிய கடையில் இரண்டுமே 200 ரூபாய்க்குள்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகரப் பெட்டியை வாங்குங்கள். அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் கவராயம், பிள்ளைக்கு அடி வாங்கித் தரும் கவராயம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் நான் படித்த பள்ளியில், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர், வட்டம் மூடாவிட்டால் விரல் முட்டியில் மர அளவுகோலால் அடிப்பார். தட்டையாக அல்ல, விளிம்பை நிமிர்த்திப் பிடித்து. எங்களில் பாதிப் பேரிடம் இருந்தது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டுத் தந்த பெட்டி. திருகு தேய்ந்து, காகிதத்தில் அழுத்தினால் கால் தானாக விரியும் கவராயம். வட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமல் சற்று வெளியே போய் முடியும். கை நடுங்குகிறது, கவனம் இல்லை என்று திட்டு விழும். பிறகு அடி விழும். அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட அவர் அந்தக் கவராயத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மனக்கணக்கில் எங்கள் எல்லாரையும் முந்துகிறவள், அந்த ஆண்டோடு கணக்கு என்றாலே முகம் வெளிற ஆரம்பித்தாள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. எங்களுக்கு அது பல ஆண்டுகள் தாமதம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எட்டாம் வகுப்பில் வந்த கணக்கு சார் வேறு ஆள். முதல் வடிவியல் வகுப்பில் கரும்பலகைப் பக்கமே அவர் போகவில்லை. எல்லாருடைய பெட்டியையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார். ஒவ்வொரு கவராயமாகக் கால்களை விரித்து, மூடி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தளர்ந்திருந்த திருகுகளை முடுக்கினார். முடுக்கியும் பிடிக்காதவற்றுக்கு, தாள் துண்டு ஒன்றைச் சன்னமாக மடித்து மூட்டுக்குள் செருகி மறுபடி முடுக்கினார். பாடவேளை அதிலேயே முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க மூடாத வட்டங்கள் மறுநாள் மூடின.

கருவியை நம்பும் முன் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் பாடம். இன்று நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். எல்லாம் கணினியில்தான். ஆனாலும் தளத்தில் டேப்பைப் பிடிக்கும்போது அதன் முனைக் கொக்கி ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அவர் சொல்லித்தந்த சோதனைகளைத்தான் இந்த இரண்டு பெட்டிகளுக்கும் செய்தேன்.

முதலில் கவராயம். கால்களை மூடினால் ஊசி முனையும் பென்சில் முனையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஊசி ஒரு மயிரிழை நீண்டிருந்தால் நல்லது, அது காகிதத்தில் இறங்க வேண்டும் அல்லவா? பிறகு 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். விரிப்பை மாற்றாமல், வட்டத்தின் மீது ஒரு புள்ளியில் ஊசியை ஊன்றி வில் வெட்டுங்கள். வில் வெட்டிய இடத்தில் ஊன்றி அடுத்தது. இப்படியே போனால் ஆறாவது வில் தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழ வேண்டும், ஏனென்றால் ஆரமும் உள்ளே வரையும் ஒழுங்கு அறுகோணத்தின் பக்கமும் ஒரே நீளம். இந்தச் சோதனையின் அருமை, அது சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். வட்டம் போட்ட பின் கால் அரை மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும், ஆறு வில் முடியும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி கண்ணில் குத்தும்.

கேம்லின் கவராயம் தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர்ந்தது. மகள் போட்டபோதும் அப்படியே. பிளாஸ்டிக் பெட்டியின் கவராயம் 4 மி.மீ. தாண்டிப் போனது, திருகை முடுக்கலாம் என்றால் மூட்டில் திருகே இல்லை, வெறும் ஆணியை அடித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய எந்த சாராலும் முடியாது.

அடுத்து மூலைமட்டங்கள். பெட்டியில் இரண்டு இருக்கும்: 45 பாகை ஒன்று, 30-60 பாகை ஒன்று. அளவுகோலை அசையாமல் பிடித்து, அதன் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி ஒரு செங்குத்துக் கோடு. பிறகு மட்டத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலப் புரட்டி, அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் செங்கோணம் சரி. விலகினால், அந்த விலகல் உண்மையான பிழையைப் போல இரு மடங்கு. இதில் இரண்டு பெட்டிகளும் தேறின. மட்டத்தின் விளிம்பில் வார்ப்புப் பிசிறு இருக்கிறதா என்று மட்டும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

பாகைமானியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கவராயத்தால் 60 பாகை வரையலாம், அதை இருசமக்கூறிட்டால் 30, பிறகு 15 என்று சார் போட்டுக் காட்டியபோது, பாகைமானி எதற்கு என்று ஒருவன் கேட்டான். அப்படியானால் கவராயமும் குறியில்லாத அளவுகோலும் மட்டும் வைத்து 20 பாகை வரைந்து வா என்றார். வகுப்பே நாள்கணக்கில் முயன்றது. 60 பாகையின் வில்லை மூன்றாக மடித்தவன், நூல் வைத்து அளந்தவன் எல்லாரும் உண்டு. ஒவ்வொருவரின் வரைபடத்தையும் வாங்கி, எந்த இடத்தில் கணக்கு நழுவுகிறது என்று பொறுமையாகக் காட்டினார். கடைசியில்தான் சொன்னார்: அது முடியாது, நம்மால் மட்டுமல்ல, யாராலும் முடியாது, 1837-இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை நிறுவியிருக்கிறார். கண்டுபிடிக்கவில்லை என்பதும் இல்லவே இல்லை என்று நிறுவியிருப்பதும் வேறு வேறு என்று பதின்மூன்று வயதில் புரிந்தது. எனக்குக் கணக்கு பிடித்துப்போனது அந்த வாரத்தில்தான். யாரையும் அவர் முட்டாள் என்று சொல்லவில்லை.

ஆகவே பாகைமானி நன்றாக இருந்தாக வேண்டும். கவராயத்தால் ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் கோணத்தை அளந்து பாருங்கள்; 60 காட்ட வேண்டும். கேம்லின் சரியாகக் காட்டியது. மற்றதில் 61-க்கு அருகில் நின்றது. நடுப்புள்ளி அச்சில் தள்ளிப் போயிருக்கிறது. ஒரு பாகைதானே என்று விடக் கூடாது, பக்கம் நீள நீளக் கோடு விலகிக்கொண்டே போகும். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது: பல பாகைமானிகளில் பிளாஸ்டிக்கின் அடி விளிம்பு அடிக்கோடு அல்ல. அச்சிட்ட கோடு சற்று மேலே இருக்கும். அதைத்தான் பொருத்த வேண்டும்.

அளவுகோல் இரண்டிலும் சரி. பூஜ்யம் இருக்கும் மூலை நாளடைவில் தேயும். தேய்ந்தால் 1-லிருந்து அளந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். டிவைடரைப் பிள்ளைகள் பெஞ்சில் பெயர் கீறத்தான் எடுக்கிறார்கள், ஆனால் நிலப்படத்தில் இரண்டு ஊருக்கு இடைப்பட்ட தூரத்தை அளவுகோலுக்கு எடுத்துச்செல்ல அதைவிட நல்ல கருவி கிடையாது. பென்சில், ரப்பர் வழக்கம்போல. தகரப் பெட்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் மழையில் நனைந்தால் ஓரம் துருப்பிடிக்கும், துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிகளில் விலையில்லாமல் தரும் கணித உபகரணப் பெட்டியையும் இதே முறையில் சோதித்துக்கொள்ளலாம். திருகு இருக்கும் கவராயம் என்றால் முடுக்கிச் சரிசெய்துவிடலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியல் வரைபடத்துக்கு மட்டும் 8 மதிப்பெண். பிள்ளையின் வட்டம் மூடவில்லை என்றால் கையைக் குறை சொல்லும் முன் மூட்டைப் பாருங்கள். பெற்றோருக்கும் சொல்கிறேன், கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் தாளும் கூராகச் சீவிய சின்னப் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். வட்டமும் ஆறு வில்லும் போட ஐந்து நிமிடம் போதும். நான் போன கடையில் உறையைப் பிரித்துப் பார்க்க மறுப்பில்லாமல் விட்டார்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.