அப்பா பிரிண்ட் போடாத படங்கள்

நாகர்கோவில் வீட்டுப் பரணிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை இறக்கியது 2022 மே மாதம். உள்ளே ஸ்டூடியோ கவர்களும் பட்டர் பேப்பரில் சுற்றிய நெகட்டிவ் துண்டுகளுமாக நாற்பது ஐம்பது ரோல் இருந்தன. ஆல்பத்தில் இருப்பதுதானே என்று முதலில் அலட்சியமாக இருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரோலைக் கழுவக் கொடுக்கும்போது "நல்லா விழுந்ததை மட்டும் பிரிண்ட் போடுங்க" என்பது அப்பாவின் வழக்கம். 36 படத்தில் பத்துப் பன்னிரண்டுதான் ஆல்பத்துக்கு வந்திருக்கிறது. மீதியை வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை.

நெகட்டிவ்களை டிஜிட்டல் படங்களாக மாற்ற வெளியில் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். படத்துக்கு 30 ரூபாய் கேட்டார்கள். சுமார் 1,400 படம். கணக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன். இது மூன்று வருட அனுபவம்.

முதல் செலவு தண்டம். 6,500 ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டி ஸ்கேனர் வாங்கினேன், நெகட்டிவைச் செருகி பட்டனை அமுக்கினால் படம் வரும் வகை. வந்தது. ஆனால் வெயிலில் எடுத்த சட்டைகள் எல்லாம் வெறும் வெள்ளை, முகங்களில் மெழுகு பூசினாற்போல ஒரு வழவழப்பு. பெட்டி தானாகவே எல்லாவற்றையும் தீர்மானித்து ஜேபெக்காகக் கொடுத்துவிடும், நாம் திருத்த ஒன்றும் மிஞ்சாது. 300 படம் எடுத்தபின் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

அப்புறம் கேமராவாலேயே நெகட்டிவைப் படம் எடுக்கும் முறைக்கு வந்தேன். பழைய நிக்கான் டி3200, 24 மெகாபிக்சல், 11,000 ரூபாய். 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ், அதுவும் பழையது, 5,500. கிட்டத்தில் ஃபோகஸ் ஆக எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்கிற வெற்று வளையங்கள், 400. இந்த மலிவு வளையங்களில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் மின்தொடர்பு கிடையாது. அதனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரத்தை, கையால் திருப்பும் வளையமுள்ள டி வகை லென்ஸ்தான் வேண்டும். அந்த வளையம் இல்லாத புதிய ஜி வகையை மாட்டினால் துவாரம் ஒரேயடியாகச் சுருங்கிக்கொள்ளும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு வளையங்கள் சேர்ந்து 32 மி.மீ. நீளம் இருந்தால் படம் சட்டம் முழுக்க நிறைகிறது. கேமரா வெளிச்சத்தை அளக்காது, எல்லாம் மேனுவல்தான். அப்பர்ச்சரை 1.8-இல் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு 8-க்குத் திருப்பி, ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை 100-இல் வைத்து, டைமரில் எடுக்க வேண்டும்.

ஸ்டாண்டுக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் பழைய என்லார்ஜரை எடைக்குப் போட வைத்திருந்தார்கள். 500 ரூபாய்க்குத் தூக்கிவந்து தலையைக் கழற்றி அந்த இடத்தில் கேமராவை மாட்டினேன். மேலும் கீழும் நேராக நகரும் தூண், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல. கேமரா நெகட்டிவுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, கீழே சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்தால் போதும். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிய வேண்டும்.

நெகட்டிவுக்கு அடியில் வைக்கும் வெளிச்சத்தில்தான் நிறைய நாள் வீணானது. முதலில் மொபைல் திரை, அதில் பிக்சல் புள்ளிகள் படத்தில் விழுந்தன. பிறகு பிள்ளைகள் படம் வரையும் ட்ரேசிங் பேட். வெளிச்சத்தைக் குறைத்தால் குறுக்கே பட்டைகள். முழுசாக வைத்தாலும் தோல் நிறம் மஞ்சள் காமாலை. கடைசியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற மதிப்பெண்) 95-க்கு மேல் உள்ள சிறிய வீடியோ லைட் 2,200-க்கு வாங்கி, விளம்பர போர்டு செய்யும் கடையில் பால் நிற அக்ரிலிக் வெட்டுத் துண்டை 60 ரூபாய்க்கு வாங்கி மேலே வைத்தேன். நிறத் தொல்லையில் முக்கால்வாசி அன்றே தீர்ந்தது. தூசியை ஊதித் தள்ளும் ஊதுகுழாயும் சேர்த்து மொத்தச் செலவு கிட்டத்தட்ட 20,000, அந்த ஸ்கேனர் தண்டம் நீங்கலாக.

சுருண்ட நெகட்டிவை அழுத்த ஃபோட்டோ ஃபிரேம் கண்ணாடி வைத்தேன். எண்ணெய் படிந்த தண்ணீர்போல வண்ண வளையங்கள் வந்தன. கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலண்டர் அட்டையில் பள்ளம் வெட்டி ஃபிலிமை அதில் நுழைத்து நகர்த்துகிறேன். ரொம்பச் சுருண்டவை ஒரு வாரம் பழைய டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் தூங்கும்.

தூசிக்கு மருந்து ஃபேனை நிறுத்துவதுதான். நிறுத்தினால் வியர்வை நெகட்டிவில் சொட்டும். கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன். அப்போது தெருவில் பஸ் போகாது, தூணும் ஆடாது.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சித்தி கல்யாண நெகட்டிவ் ஒன்றில் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து துணியோடு வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இப்போது அந்தப் படத்தில் முகம் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலிலும் தண்ணீர் உண்டு, அதுவும் வேண்டாம். இப்போது ஊதுவதோடு சரி. துடைத்தே ஆக வேண்டும் என்றால் 99 சதவீதம், அதுவும் படம் எடுத்து முடித்த பிறகுதான்.

எடுத்த நெகட்டிவை நேர்ப் படமாக மாற்றுவதற்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் பகுதி போதும். ஃபிலிமின் வெற்று ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தைக் கழித்துவிடும். கறுப்பு வெள்ளை சுலபம். கலர்தான் படுத்தும். டப்பாவில் வெந்து கிடந்த கலர் ரோல்களில் நிழல் எல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. கேமரா எதையும் தீர்மானிக்காமல் அப்படியே பதியும் ரா ஃபைலாக எடுத்துவைத்திருந்ததால் கை பழகிய பிறகு நெகட்டிவைத் தொடாமலே இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். ஒரு படம் 20 எம்பிக்கு மேல் வரும். எல்லாம் சேர்த்து 30 ஜிபி சொச்சம்.

ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை முதலில் நான் கவனிக்கவே இல்லை. பத்தாவது ரோலில் மாட்டிக்கொண்டேன். படத்தைப் பார்த்த அம்மா, "மக்ளே, ஆச்சி ஏன் முந்தானையை வலது தோள்ல போட்டிருக்கா?" என்றாள். மொத்த ரோலையும் பக்கம் மாற்றி வைத்து எடுத்திருந்தேன், இடம் வலமாகிவிட்டது. ஓர எழுத்து நேராகப் படிக்க வந்தால்தான் சரியான பக்கம். அதே எழுத்து வருடத்துக்கும் உதவும். 'ஆர்வோ' என்று ஃபிலிம் கம்பெனிப் பெயர் இருந்தால் 1964-க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை, அந்தப் பெயரே அப்போதுதான் வந்தது. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' என்றால் இன்னும் சில வருடம் தள்ளி.

தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை '120' என்கிற அகல ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். எனக்குப் பிடித்தது அவைதான். சாதாரண லென்ஸ்தான், ஆனால் நெகட்டிவ் அவ்வளவு பெரிது. இன்னொரு விஷயம், ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டிவிடுவார்கள். கிருகப்பிரவேசப் படத்தின் நெகட்டிவில் வாசல் ஓரமாகத் தாத்தா செருப்போடு நிற்கிறார். ஆல்பத்தில் அவர் கிடையாது. அன்று அவர் வரவே இல்லை, கோபத்தில் இருந்தார் என்றுதான் இத்தனை வருடம் வீட்டில் பேச்சு.

காடி நாற்றம் அடித்த ஒரு கவரை மட்டும் தனியே பிரித்துவிட்டேன். அசிட்டேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்த அறிகுறி அது, அந்த வாயு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். முதலில் அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். மொபைலில் எல்லாப் படமும் நான் இப்போது கேமராவில் எடுத்த தேதியையே காட்டுவதை எக்சிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்துத் திருத்தலாம், ரோலுக்கு ஒரு தேதி என்று குத்துமதிப்பாகப் போட்டேன்.

'யார்?' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வருகிறது. இன்னும் 41 படம் மிச்சம். அடுத்த மாதம் பெரியத்தை வருகிறார்கள், 86 வயது, மொபைலில் பார்த்தால் கண் தெரியாது. டிவியில் போட்டுக் காட்ட எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன்.