பால்வேர்ல்டு: சொல்லாமலே வேலை பார்க்கும் பிராணிகள், சொன்னாலும் நகராத பிராணிகள்

பால்வேர்ல்டு என்ற வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர், பிராணிகள் கையில் துப்பாக்கி இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் ஜப்பானியக் கேம் நிறுவனமான நிண்டெண்டோ போட்ட வழக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். இந்த கேமை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: மரம் வெட்ட, கல் உடைக்க, பயிருக்குத் தண்ணீர் ஊற்ற, சுமை தூக்க, எல்லாவற்றுக்கும் பிராணிகளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாடு எங்கே ஜோராக ஓடுகிறது, எங்கே கழுத்தறுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மொட்டு விரிவதற்குள் பறித்து மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பறிக்க ஆள் கொடுக்கவில்லை. "ஆளு கிடைக்கல" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். பகலில் டவுன் ஹால் ரோட்டில் எலெக்ட்ரிகல் கடை ஒன்றில் பில் போட்டுவிட்டு, ராத்திரி வந்து இந்த கேமைத் திறந்தால் துப்பாக்கியையா பார்க்கத் தோன்றும்?

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டோக்கியோவில் இருக்கும் பாக்கெட்பேர் என்ற சின்ன நிறுவனம் 2024 ஜனவரி 19 அன்று இதை ஏர்லி ஆக்சஸ் முறையில், அதாவது முழுதாக முடிவதற்கு முன்பே, வெளியிட்டது. முதல் மாதத்திலேயே ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் மட்டும் ஒன்றரைக் கோடி பிரதி விற்றது. தீவில் திரியும் பிராணிகளை உருண்டை எறிந்து பிடிக்க வேண்டும், பால்பாக்ஸ் என்ற பெட்டியை நட்டு ஒரு பேஸ், அதாவது நம் முகாம், அமைக்க வேண்டும், பிடித்ததை அங்கே இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இதன் அழகு என்னவென்றால் எந்தப் பிராணியும் எல்லா வேலையும் பார்க்காது. தீ மூட்டுவது, தண்ணீர் விடுவது, விதைப்பது, மின்சாரம் எடுப்பது, கைவேலை, பறிப்பது, மரம் வெட்டுவது, சுரங்கம், மருந்து, குளிரூட்டுவது, சுமப்பது, பண்ணை என்று 12 வகை வேலை. ஒவ்வொரு பிராணிக்கும் அதில் சிலதுதான் வரும். வருகிற வேலையிலும் தரம் உண்டு; வெளியான காலத்தில் அது 1 முதல் 4 வரை. ஆரம்பத்தில் கிடைக்கும் கட்டிவா என்ற பூனைக்கு நாலு வேலை தெரியும், நாலிலும் தரம் 1. கல்லும் உடைக்கும், பழமும் பறிக்கும், மூட்டையும் தூக்கும். எதையும் வேகமாகச் செய்யாது. ஆனாலும் கையால் கல் உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, திரும்பிப் பார்த்தால் ஒரு ரோஸ் பூனை கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் பெட்டிக்குப் போவது தெரிகிறதே, அந்த இடத்தில் விழுந்துவிட்டேன். சும்மா நின்று வேடிக்கை பார்த்தேன். மேலூரில் இருந்து கூட ஆடும் என் மச்சான், "மாப்ள, கேம் ஹேங் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

முதல் கட்டம் சுலபம். மரம் வெட்டும் தளமும் கல் குழியும் கட்டிவிட்டால் இரண்டும் வற்றாது. ஆள் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். டான்சீ என்ற குரங்கை மரத்துக்கு விடுங்கள், கட்டிவாவைக் கல்லுக்கு. சிக்கிப்பி பண்ணையில் முட்டை போடும், லாம்பால் உடம்பில் இருந்து கம்பளி உதிரும். விக்சி என்ற நரிக்குட்டியை நான் விடவே மாட்டேன். பண்ணையில் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பிராணி பிடிக்கும் உருண்டையையே எடுத்துக் கொடுக்கும்.

சிக்கல் தாதுவில் ஆரம்பிக்கிறது. இரண்டு தாதுவுக்கு ஒரு உலோகக் கட்டி. கட்டி இல்லாமல் நல்ல ஆயுதம் கிடையாது, நல்ல சேணம் கிடையாது. தாதுவோ கனம். ஆரம்பத்தில் நாம் ஆடும் பாத்திரம் 300 எடைதான் தூக்கும். நாலு பாறை உடைத்ததுமே கால் நகராது. அதனால் தாதுப் பாறைகள் சேர்ந்து கிடக்கும் இடமாகப் பார்த்து இரண்டாவது பேஸ் போட வேண்டும். அங்கே டிக்டாய்ஸ் என்ற ஆமையை இறக்கினால், ஓட்டோடு சுழன்று பாறையில் மோதி நொறுக்குகிற வேகம் இருக்கிறதே, பார்க்கக் கண் கோடி வேண்டும். சுரங்க வேலையில் தரம் 3. ஆனால் அதற்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். நொறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பாறைக்குப் போய்விடும். அள்ளுவதற்குத் தனி ஆள் போடவில்லை என்றால் தரையெல்லாம் தாது, பெட்டி காலி. இரண்டு ஆமைக்கு மூன்று சுமைகூலி என்பது என் கணக்கு.

இதையெல்லாம் தாண்டி, கேமின் உண்மையான பரீட்சை கேக். ஆமாம், கேக்தான். பிராணிகளை ஜோடி சேர்த்து முட்டை எடுக்கக் கேக் வேண்டும். ஒரு கேக்குக்கு மாவு 5, சிவப்புப் பழம் 8, பால் 7, முட்டை 8, தேன் 2. பாலுக்கு மொசரீனா, முட்டைக்குச் சிக்கிப்பி, தேனுக்குப் பீகார்டு என்று பண்ணையில் மூன்றையும் விட்டால் அந்தப் பக்கம் தானாக ஓடும். பழத்துக்கு ஒரு பாத்தி. மாவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. கோதுமையை ஒருத்தர் விதைக்க வேண்டும், ஒருத்தர் தண்ணீர் விட வேண்டும், ஒருத்தர் பறிக்க வேண்டும், பிறகு மில்லில் அரைக்க வேண்டும். அந்த மில்லைச் சுற்றுவதும் தண்ணீர்ப் பிராணிதான். பழப் பாத்திக்கும் அதே தண்ணீர்ப் பிராணிதான். கல்லைப் பொடிக்கும் இயந்திரத்துக்கும் அதுதான். ஆக, பேஸ் முழுக்க ஆட்கள் நின்றாலும் பெங்குலெட் என்ற ஒரே பெங்குவின் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துதான் உங்கள் கேக் வரும். தீ விஷயமும் இப்படித்தான்: ஃபாக்ஸ்பார்க்ஸ் என்ற தீப் பிராணி உலையில் நின்றால் அடுப்பு அணைந்து கிடக்கும். வெளியான காலத்தில் ஒரு பேஸுக்கு அதிகபட்சம் 15 பிராணிதான். அந்தப் பதினைந்தில் தண்ணீருக்கு எத்தனை, தீக்கு எத்தனை என்று பிரிப்பதில்தான் சண்டை போடுவதைவிட எனக்கு அதிக சுவாரஸ்யம்.

இப்போது கழுத்தறுப்பு. பிராணிகள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும். கைவேலைக்கு என்று நான் வைத்திருக்கும் அனுபிஸ் என்ற நாய்முகக் கருப்பன், அதில் தரம் 4; அவ்வளவு பெரிய கைகாரன் நடுவில் கல் உடைக்கப் போய்விடுவான். தூக்கி அந்த மேஜை மேலேயே எறிந்தால் சரி என்று உட்காருவான். சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் பழையபடி கல் குழி. பின்னால் வந்த அப்டேட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் எந்த வேலை வேண்டாம் என்று அணைத்துவைக்கும் வசதி கொடுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கண்காணிப்பு மேடையைக் கட்டினால் அது கிடைக்கும். கட்டாமல் இருக்காதீர்கள்.

ஆனால் வழி தெரியாமல் முழிக்கும் குணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கூரை மேல் ஏறி நின்றுகொண்டு இறங்கத் தெரியாமல் பட்டினி கிடக்கும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தீவின் இன்னொரு மூலையில் சண்டை போட்டுவிட்டு, தாது குவிந்திருக்கும் என்று ஆசையாகத் திரும்பினால், டிக்டாய்ஸ் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு மாடி கட்டாமல் இருப்பதைத் தவிர நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. சமதரை, அகலமான பாதை, சுவர் இல்லாத கொட்டகை. அழகான வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் அதைப் பிராணிகள் இல்லாத இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இவற்றைச் சும்மா வேலை வாங்க முடியாது. தீவனப் பெட்டி நிரம்பி இருக்க வேண்டும், படுக்கை வேண்டும், வெந்நீர்த் தொட்டி இருந்தால் நல்லது. மனநிலைக்கு என்றே ஒரு அளவுகோல் இருக்கிறது. அது இறங்கினால் வேலையைப் பாதியில் விடும், வயிற்றுப்புண் வரும், சோர்ந்து உட்காரும், பிறகு மருந்து காய்ச்ச வேண்டும். கண்காணிப்பு மேடையில் வேலையைக் கடுமையாக்கவும் வழி இருக்கிறது. சீக்கிரம் முடியும், சீக்கிரம் படுக்கையிலும் விழும். நான் சாதாரண அளவிலேயே விட்டிருக்கிறேன். ஒரு நாள் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏண்டா தம்பி, இதுகளுக்குக் கூலி யாரு குடுக்குறா?" என்று கேட்டார். கூலி கிடையாதும்மா, சாப்பாடு மட்டும்தான் என்றேன். "அதான் ஒண்ணும் ஓடாம நிக்குது, நம்ம தோட்டத்துல ஒரு நாள் நின்னு பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேம் செய்தவர்களே இந்தக் கேள்வியைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு, பிராணிகளுக்கு 'வேலை அடிமை' என்று ஒரு குணத்தையே வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் வேலை வேகம் கூடும், சண்டை பலம் குறையும். எனக்கு அந்தச் சிரிப்பு முழுதாக ஒட்டவில்லை. 'கைவினைஞன்' என்ற குணம் உள்ளதாகத் தேடிப் பிடியுங்கள். 50 சதவீதம் வேகம் கூடும், மனசும் உறுத்தாது.

வழக்கு விஷயத்தை ஒரேயடியாக விடவும் முடியாது. நிண்டெண்டோவும் போக்கிமான் நிறுவனமும் 2024 செப்டம்பரில் காப்புரிமை வழக்கு போட்டன. அதையொட்டி நவம்பரில் வந்த மாற்றத்தால் உருண்டையை எறிந்து பிராணியை வெளியே விடும் வழக்கம் போய், இப்போது நம் பக்கத்திலேயே தோன்றுகிறது. பேஸ் வேலைக்கு இதனால் பாதகம் எதுவும் இல்லை. சண்டைக்காரர்கள்தான் முனகுகிறார்கள்.

யார் வாங்கலாம்? கதை வேண்டும் என்பவர்கள் வேண்டாம். இதில் கதை பேருக்குத்தான். வரிசைப்படுத்துவது, கணக்குப் போடுவது, எந்த இடத்தில் தேங்குகிறது என்று தேடுவது, இது பிடிக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அனுபிஸைப் பிடிக்கப் பாலைவனம் வரை போய் அடிவாங்கத் தேவையில்லை. பென்கிங், புஷி என்ற இரண்டு பிராணிகளை ஜோடி சேர்த்தால் முட்டையில் வந்துவிடும். அதற்கும் கேக் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கணினி விஷயத்தில் கவனம். குறைந்தபட்சமே 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ் அட்டை, 40 ஜிபி இடம் கேட்கிறது. பேஸில் கூட்டம் ஏற ஏறத் திணறும். சித்திரை வெயிலில் என் பெட்டியின் ஃபேன் போடும் சத்தத்தில் அடுத்த அறையில் யாரும் தூங்க முடியாது. கேமின் செட்டிங்கில் நிழல் தரத்தைக் குறைத்துவைத்தால் கொஞ்சம் அடங்குகிறது.

கூட்டாளியோடு ஆட நினைத்தால் இன்னொன்றும் கவனியுங்கள். தனி சர்வர் (எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினி) எடுத்தால் 32 பேர் வரை சேரலாம், நீங்கள் இல்லாதபோதும் பிராணிகள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். சாதாரணக் கூட்டு ஆட்டத்தில் 4 பேர் வரைதான். உலகம் யார் கணினியில் ஓடுகிறதோ, அவர் அணைத்தால் எல்லாருக்கும் அணைந்துவிடும். எங்களில் மச்சான் வீட்டில்தான் யுபிஎஸ் இருக்கிறது என்பதால், உலகத்தை மேலூரில் வைத்திருக்கிறோம்.