செவியாவில் அறை தேடுகிறீர்களா? ஆற்றைத் தாண்டி திரியானாவுக்குப் போங்கள்

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவின் தலைநகரான செவியாவில் ஹோட்டல் தேடினால் சாந்தா க்ரூஸ் பகுதியைத்தான் எல்லோரும் முதலில் காட்டுவார்கள். கதீட்ரல், ஹிரால்டா கோபுரம், அல்காசர் அரண்மனை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, பழைய யூதர் குடியிருப்பின் குறுகலான சந்துகள், வெள்ளைச் சுவர்கள், ஆரஞ்சு மரங்கள் என்று படத்தைப் பார்த்தாலே ஆசை வரும். கட்டாயம் சுற்றிப் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் தங்குவதற்கு நான் திரியானாவைத்தான் சொல்வேன். சாந்தா க்ரூஸின் பல சந்துகளுக்குள் டாக்ஸி நுழையாது, கல் பாவிய தரையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை சாப்பாடு. கதீட்ரலைச் சுற்றி, இன்று வந்து நாளை போய்விடும் ஆட்களை நம்பியே நடக்கும் கடைகள் அதிகம். வாசலில் படம் போட்ட பலகை வைத்து பயேயா என்னும் அரிசிச் சோற்றை விற்கிறார்கள், அதுவோ வலென்சியா பக்கத்துச் சாப்பாடு.

திரியானா குவாதல்கிவிர் ஆற்றின் மேற்குக் கரை. மண்பாண்டமும் ஓடும் செய்தவர்கள், மாலுமிகள், ஃபிளமெங்கோ பாடியவர்கள் வாழ்ந்த பேட்டை, இன்றும் குடும்பங்கள் குடியிருக்கிற இடம். 1852இல் கட்டி முடித்த இரும்புப் பாலம் வழியாக நடந்தால் கதீட்ரலுக்கு இருபது நிமிடம் ஆகும், வழியெல்லாம் சமதளம்தான். விமான நிலையத்திலிருந்து வரும் இஏ பேருந்து சாந்தா ஹுஸ்தா ரயில் நிலையம் வழியாக பிளாசா தே அர்மாஸ் வரை போகிறது, அங்கே இறங்கி ஆற்றைக் கடந்தால் திரியானாவின் வட முனை வந்துவிடும்.

பேட்டைக்குள்ளேயும் தெரு பார்த்துத்தான் அறை எடுக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய பெத்திஸ் தெருவிலிருந்து பார்த்தால் எதிரே தங்க கோபுரமும் காளைச் சண்டை அரங்கமும் தெரியும், காட்சி அருமை, ஆனால் கீழே பார்கள் நள்ளிரவு தாண்டியும் சத்தமாக இருக்கும். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அதற்கு அடுத்த பூரேசா தெருவிலோ, வண்டி போகாத சான் ஹசிந்தோ தெருவை ஒட்டிய கிளைத் தெருக்களிலோ எடுங்கள், உள்முற்றம் பக்கம் அறை வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பாலம் இறங்கியதும் வலது கையில் திரியானா சந்தை. 1481இலிருந்து இன்குவிசிஷன் என்னும் கத்தோலிக்க மத விசாரணை நடந்த சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகளுக்கு மேலேதான் அது நிற்கிறது. காலையில் மீன், காய்கறி, ஆலிவ், பழம் எல்லாம் வாங்கலாம், உள்ளேயே சின்னச் சின்ன பார்களும் உண்டு. பக்கத்திலேயே 1880இல் தொடங்கிய காசா குவெஸ்தா என்ற சாப்பாட்டுக்கடை இருக்கிறது. இன்னும் உள்ளே போனால் வண்ண ஓடு பதித்த சுவர்களோடு லாஸ் கொலொந்திரினாஸ் என்ற பார், அங்கே காளானைக் கல்லில் வாட்டித் தருவார்கள், அதைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

நம் நாக்குக்கு இந்த ஊரில் உடனே பிடிப்பது எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகம், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் குழைய வேகவைத்தது, வீட்டுக் கூட்டு மாதிரியே இருக்கும். இதற்காகவே ஒரு நாள் ஆற்றைத் தாண்டி, 1670இலிருந்து நடக்கும் எல் ரின்கோன்சியோ என்ற பாருக்குப் போகலாம், கணக்கை மர மேடையில் சாக்பீஸால் எழுதிக் கூட்டுவார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வினிகரிலும் சீரகத்திலும் ஊறவைத்துப் பொரித்த அதோபோ இருக்கிறது. கடலை மாவில் குட்டி இறாலைக் கலந்து மொறுமொறுவென்று சுடும் தோர்தியீத்தாவையும் விடாதீர்கள்.

சைவக்காரர்கள் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சல்மோரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளிக் குழம்பின்மேல் முட்டையும் பன்றித் தொடை இறைச்சித் துணுக்குகளும் தூவியிருக்கும், வெஹெதால், அதாவது காய்கறி, என்று எழுதியிருக்கும் சாண்ட்விச்சுக்குள் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். 'சின் ஹமோன், சின் அதூன்' (பன்றித் தொடை இறைச்சி இல்லாமல், சூரை மீன் இல்லாமல்) என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கத்தரிக்காயை வறுத்து கரும்புப் பாகு ஊற்றித் தருவது பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடக்கூடியது. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022இல் சட்டமே வந்துவிட்டது. நேரம்தான் முக்கியம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், நான்கு மணியோடு நிறைய சமையலறைகள் மூடிவிடும், இரவு எட்டரைக்கு முன் போனால் பல இடங்களில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் இருந்தால் சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் திரியானா ஒத்துவராது. வயதான பெற்றோரோடு ஒரே இரவு தங்கி கதீட்ரலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அரெனாலில் தங்கலாம், கதீட்ரலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது, டாக்ஸி வரும். இரவு வாழ்க்கைக்காகவே வரும் இளைஞர்களுக்கு வடக்கே அலமேதா தே எர்குலெஸ் பொருந்தும்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஏசி இல்லாத அறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் ஏப்ரல் திருவிழாவிலும் வாடகை பல மடங்கு ஏறும். திருவிழா மைதானம் திரியானாவை அடுத்த லோஸ் ரெமெதியோஸில்தான் இருப்பதால் அந்த வாரம் இங்கே தங்கினால் இரவு எத்தனை மணியானாலும் நடந்தே திரும்பிவிடலாம், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.