வன உரிமை பட்டா சர்வீஸ்: 5க்கு 3 ஸ்டார், அதுவும் சட்டத்துக்காக

நீலகிரி பக்கம் எங்க பாட்டி பேர்ல வன உரிமைக்கு மனு போட்ட அனுபவம் இது. காட்டுல காலங்காலமா வாழற மக்களுக்கு நிலத்து மேலயும் காட்டு மேலயும் உரிமை குடுக்கற 2006 வன உரிமைச் சட்டம் பேப்பர்ல சூப்பர்ங்க, பீஸ் கிடையாது, மனு போறதே ஆபீசுக்கு இல்ல நம்ம கிராம சபைக்கு, அங்க வன உரிமைக் குழு வந்து நிலத்த பாத்து எழுதும், அப்புறம் தான் கோட்டம், மாவட்டம்னு மேல போகும். பழங்குடி மக்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னாடில இருந்து உழுதுட்டு இருந்த நிலம்னா 4 ஹெக்டேர் வரைக்கும் கிடைக்கும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் போடணும், விக்க முடியாது ஆனா புள்ளைங்களுக்கு போகும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, ஊர் பெரியவங்க வாய்மொழியா சொல்றத எழுதி வெச்சா அதுவும் ஆதாரம்! பக்கத்து வீட்டு தாத்தா எந்த பலாமரம் யார் வெச்சதுனு ஒண்ணுவிடாம சொன்னாரு.

ஆனா மேல இருக்கற ஆபீஸ்ல மட்டும் "பழைய ரசீது இருக்கா, சேட்டிலைட் படம் இருக்கா"னு மூணு தடவ அலைய விட்டாங்க, ஏன்யா காட்டுக்குள்ள யாரு ரசீது குடுத்தா? முடிவு வர்றதுக்கு முன்னாடி காலி பண்ண சொல்ல முடியாதுனு சட்டத்துலயே இருக்கு, அத பிரிண்ட் எடுத்து காட்டுனதுக்கு அப்புறம் தான் டோனே மாறுச்சு.

டிப்ஸ்: தனி நிலத்துக்கு ஏ பாரம், தேன், மேய்ச்சல் மாதிரி ஊர் உரிமைக்கு பி, காட்டையே ஊர் பாத்துக்க சி. எங்கள்ட்ட முதல்ல ஏ மட்டும் தான் நீட்டுனாங்க, மத்த ரெண்டையும் கேட்டு வாங்குங்க. தள்ளுபடி பண்ணா 60 நாளுக்குள்ள மேல்முறையீடு.