மெடிக்கல் கோடர்களுக்கான கிரேக்க வேர் அட்டைகள்: 899 ரூபாய் கொடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயக்னோசிஸ் கோடிங் (நோய்க்குக் கோடு போடுவது) படிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். இன்பேஷன்ட் (மருத்துவமனையில் சேர்ந்தவர்கள்) சர்ஜரி பக்கம் போகிறவர்கள் வாங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆங்கில மருத்துவச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் கிரேக்கத் துண்டுகளைப் பிரித்தெடுத்து, துண்டுக்கு ஓர் அட்டை என்று அச்சடித்திருக்கிறார்கள். 400 அட்டைக்கு மேல் இருக்கிறது. முன்பக்கம் துண்டு, பின்பக்கம் அதன் பொருள் ஆங்கிலத்திலும் தமிழிலும், கீழே மூன்று எடுத்துக்காட்டுகள். முன்னொட்டு நீலம், உறுப்பு மஞ்சள், பின்னொட்டு சிவப்பு. பெட்டி மேல் ‘கோடர்களுக்காகவே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். தயாரித்தவர் பெயரைப் போடப்போவதில்லை. சின்ன அளவில் செய்கிறவர்கள் போலத் தெரிகிறது, எதற்கு வம்பு.

நான் சென்னையில் இன்பேஷன்ட் கோடிங் பார்க்கிறேன், கூடவே ஃப்ரெஷர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். அமெரிக்க மருத்துவமனையின் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய கோடைப் போடுவது எங்கள் வேலை. அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் நகரும். பயோடெக், மைக்ரோபயாலஜி, பார்மசி, பிசியோதெரபி என்று எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள் பிள்ளைகள். கிரேக்கம் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனால் சார்ட்டைத் திறந்தால் பாதி கிரேக்கம்தான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். மஞ்சள் அட்டைகள் அருமை. கோலிலித்தயாசிஸ், கோலிடோகோலித்தயாசிஸ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேகமாகப் படிக்கிற ஃப்ரெஷருக்கு இரண்டும் ஒன்றுதான். அட்டையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்: ‘கோலி’ பித்தம், ‘டோகோ’ ஏந்திச் செல்வது, ‘லித்’ கல். நடுவில் அந்த ‘டோகோ’ இருந்தால் கல் பித்தக் குழாயில், இல்லாவிட்டால் பித்தப்பையில். ஐசிடி-10 என்ற நோய்க் கோடுப் பட்டியலில் குழாய்க் கல் கே80.5, பித்தப்பைக் கல் கே80.2. ஆடிட்டில் எத்தனையோ பேருக்கு எரர் விழும் இடம் இது. மூன்று அட்டையை மேசையில் வரிசையாகப் பரப்பி நடு அட்டையை எடுத்து எடுத்து வைத்தேன், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

இதே மாதிரி ரத்த வாந்திக்கும் இருமலில் வரும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ஹெமடெமெசிஸ், ஹெமாப்டிசிஸ். ‘எமெசிஸ்’ என்றால் வாந்தி, ‘ப்டிசிஸ்’ என்றால் துப்புவது. ஒன்று இரைப்பை சமாச்சாரம், கே92.0. மற்றது நுரையீரல் சமாச்சாரம், ஆர்04.2. அப்புறம் டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா. ஒரே ஓர் எழுத்துதான் வேறு. முதலாமவரால் விழுங்க முடியவில்லை, இரண்டாமவரால் பேச முடியவில்லை. இந்த ஜோடிகளை ஒரே அட்டையின் இரண்டு பக்கத்தில் போட்டிருப்பது யார் யோசனையோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இன்னோர் அட்டைக்காகவே காசு கொடுக்கலாம். உறுப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பெரும்பாலும் லத்தீன், அதற்கு நோய் வந்தாலோ கத்தி வைத்தாலோ பெரும்பாலும் கிரேக்கம் என்று ஓர் அட்டவணை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ரீனல் ஆர்ட்டரி, ஆனால் அழற்சி வந்தால் நெஃப்ரைட்டிஸ், எடுத்தால் நெஃப்ரெக்டமி. நுரையீரலுக்கும் அப்படியே, பல்மனரி ஆர்ட்டரி, நியூமோனெக்டமி. ஒரு உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்று ஃப்ரெஷர்கள் கேட்காத பேட்ச் கிடையாது. கல்லீரலுக்குப் போகும் ஹெபாட்டிக் ஆர்ட்டரி மாதிரி, பெயரே கிரேக்கமாக இருக்கும் விதிவிலக்குகள் உண்டு, அதையும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மேமோகிராபி, டான்சிலெக்டமி மாதிரி லத்தீன் தலையும் கிரேக்க வாலுமாக இருக்கும் கலப்புச் சொற்களுக்குத் தனிக் குறியும் இருக்கிறது.

சில அட்டைகளில் ஒரு வரிக் கதையும் உண்டு. முதுகுத்தண்டின் அடி நுனி எலும்பு, காக்ஸிக்ஸ், குயில் அலகு மாதிரி இருப்பதால் குயிலின் பெயரைப் பெற்றதாம். ட்ரக்கியா என்பது ‘சொரசொரப்பான ஆர்ட்டரி’ என்ற பெயரின் பாதி. அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் மூச்சுக்குழாயையும் ஆர்ட்டரி என்றே சொன்னார்கள், ஆர்ட்டரிகளுக்குள் காற்று ஓடுவதாக நினைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேலைக்கு உதவாது, மதியம் சாப்பிட்ட பிறகு வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்ப உதவும்.

சரி, இப்போது சிவப்பு அட்டைகள்.

‘டமி’ என்றால் வெட்டு, ‘ஸ்டமி’ என்றால் வாய் திறப்பது, ‘எக்டமி’ என்றால் வெட்டி வெளியே எடுப்பது. மூன்றுக்கும் கொடுத்திருக்கும் பொருள் சரிதான். ஆனால் பின்னால் ‘இதைப் பார்த்தால் இந்த ப்ரொசீஜர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் இன்பேஷன்ட் ப்ரொசீஜர்களுக்கு ஐசிடி-10-பிசிஎஸ் என்ற கோடு முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் கோடுக்கு ஏழு எழுத்து. மூன்றாவது எழுத்து, டாக்டர் உண்மையில் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும்: பைபாஸ் (பாதையை மாற்றிவிடுவது), இன்சர்ஷன், ட்ரெய்னேஜ் என்கிற மாதிரி. டாக்டர் அதை எந்தப் பெயரில் எழுதினார் என்பதைப் பற்றி பிசிஎஸ்ஸுக்குக் கவலையே கிடையாது. அட்டையோ ஸ்டமி என்றால் பைபாஸ் என்று அடித்துச் சொல்கிறது. ட்ரக்கியாஸ்டமிக்கு அது பொருந்தும், கழுத்தில் தோலுக்கு வழி திறக்கிறார்கள், பைபாஸ்தான். பெக் ட்யூப் வைக்கும் கேஸ்ட்ராஸ்டமி? வயிற்றுக்குள் ஃபீடிங் ட்யூபை வைக்கிறார்கள், இன்சர்ஷன். நெஃப்ராஸ்டமி ட்யூப்? சிறுநீரை வடிக்கிறார்கள், ட்ரெய்னேஜ். வால் ஒன்று, கோடு மூன்று. அட்டையை நம்பினால் மூன்றில் இரண்டு அவுட்.

‘ப்ளாஸ்டி’ இன்னும் மோசம். உருவாக்குவது, சீரமைப்பது என்று பொருள் போட்டு, ரிப்பேர் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் ஆஞ்சியோப்ளாஸ்டி டைலேஷன். முழங்கால் மூட்டையே மாற்றும் ஆர்த்ரோப்ளாஸ்டி ரீப்ளேஸ்மென்ட். வலை வைத்துக் குடலிறக்கத்தைச் சரிசெய்யும் ஹெர்னியோப்ளாஸ்டி சப்ளிமென்ட். மூன்றில் ஒன்றுகூட ரிப்பேர் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வில்லங்கம் ஹெமிகோலெக்டமி என்ற பெருங்குடல் ஆபரேஷன். ‘ஹெமி’ நீல அட்டை, பாதி. ‘எக்டமி’ சிவப்பு அட்டை, எடுப்பது. இரண்டையும் சேர்த்து, உறுப்பில் ஒரு பகுதியை எடுத்தால் எக்ஸிஷன், முழுதும் எடுத்தால் ரிசெக்ஷன் என்ற பிசிஎஸ் விதியையும் சேர்த்தால், ஹெமிகோலெக்டமி எக்ஸிஷன் என்றுதான் வரும். பெட்டியோடு வரும் பயிற்சித் தாளிலும் விடை அப்படித்தான் இருக்கிறது. தப்பு. பெருங்குடலின் வலப்பக்கத்தை பிசிஎஸ் தனி உறுப்பாகவே வைத்திருக்கிறது. ரைட் ஹெமிகோலெக்டமியில் அந்த வலப்பக்கம் முழுதும் போய்விடுகிறது, ஆகவே ரிசெக்ஷன். சொல்லில் பாதி இருக்கிறது, கோடில் முழுசு. ஆப் நோட்டை (டாக்டரின் ஆபரேஷன் குறிப்பை) வரி வரியாகப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்துக் கோடு போடுகிறவர்கள் விழும் குழி இது. பெட்டி அந்தப் பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

மஞ்சளிலும் சறுக்கல்கள் உண்டு. ‘மைலோ’ என்றால் எலும்பு மஜ்ஜை என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். மல்டிபிள் மைலோமாவுக்குச் சரி. ஆனால் அதே துண்டு தண்டுவடத்தையும் குறிக்கும். ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் வந்தவருக்கு மஜ்ஜையில் பிரச்சினை இல்லை, தண்டுவடத்தில். போலியோமைலைட்டிஸும் அப்படித்தான், ‘போலியோ’ சாம்பல் நிறம், தண்டுவடத்தின் சாம்பல் பகுதியில் அழற்சி.

‘ஹைப்போகாண்ட்ரியா’ அட்டையில் ‘இல்லாத நோயை இருப்பதாக நினைத்துப் பயப்படுவது’ என்று இருக்கிறது. என் டீமில் ஒரு பெண் அதை மனப்பாடம் செய்துவிட்டு, வலது ஹைப்போகாண்ட்ரியாக் வலி என்ற சார்ட்டைப் பார்த்து, “அக்கா, இவருக்கு வலியே இல்லையாம், பயம்தானாம்” என்று மனநோய்ப் பகுதியில் தேடிக்கொண்டிருந்தாள். ‘ஹைப்போ’ கீழே, ‘காண்ட்ரோ’ குருத்தெலும்பு. விலாக் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். மனச்சோர்வும் வீண் கவலையும் அங்கிருந்து கிளம்புவதாகப் பழைய வைத்தியர்கள் நம்பியதால், பிற்பாடு நோய்ப் பயத்துக்கும் அதே பெயர் வந்தது. இரண்டு துண்டும் தனி அட்டையாகவே பெட்டியில் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கச் சொல்லும் ஒரு வரி மட்டும் இல்லை.

ஆர்த்தோபீடிக்ஸைப் பாதத்தோடு சேர்த்திருப்பதும் தப்பு. 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கிய சொல் அது. ‘ஆர்த்தோ’ நேராக, ‘பீட்’ குழந்தை. குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்துவது பற்றித்தான் அவர் எழுதினார். ஹைப்பர்கலீமியாவில் (ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது) இருக்கும் ‘கலி’யைக் கிரேக்கம் என்று போட்டிருக்கிறார்கள், அது அரபு வழி வந்தது. இதனாலெல்லாம் கோடு மாறாது, விட்டுவிடலாம்.

க்யூஆர் ஸ்கேன் செய்தால் உச்சரிப்பு கேட்கிறது. டோசிஸில் (ptosis, இமை தொங்குவது) முதல் ‘ப்’ ஒலிக்காது, ஹெமாப்டிசிஸில் ஒலிக்கும் என்பதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குரல் தெளிவு. அட்டைத் தாள் கனமானது, அட்டைகளைக் கோத்திருக்கும் வளையம்தான் மட்டம், திறந்து மூடும்போது நகத்தைப் பதம் பார்க்கிறது. நான் கடையில் வேறு வளையம் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மைலோ பற்றியும் ஹெமிகோலெக்டமி பற்றியும் விற்பனையாளருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, அடுத்த அச்சில் பார்க்கிறோம் என்றார்கள். எப்போது அடுத்த அச்சு என்று சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. வாங்குகிறவர்கள் சிவப்பு அட்டைகளின் பின்பக்கம் இருக்கும் ‘இந்த ப்ரொசீஜர்’ வரியை மார்க்கரால் அடித்துவிட்டுப் படியுங்கள், பயிற்சித் தாளைத் தொடவே வேண்டாம். தனி ஆளாக 899 ரூபாய் அதிகம், விடுதியில் நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் நியாயமான விலை. நர்சிங் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும், அவர்கள் அந்தக் காசை பிசிஎஸ் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.