உப்புக் காற்றில் எந்த பேஸ் கிட்டார் தாங்கும்?

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா மகன் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். இப்போது வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆசைப்படுகிறான். “மாமா, கீபோர்டுல பேஸ் அடிச்சா உசிரே இல்ல. விலை கம்மியா நல்ல பேஸ் கிட்டார் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டான். அவனே மூன்றைக் குறித்து வைத்திருந்தான்: ஸ்குவையர் சோனிக் பிரசிஷன், ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் 200, யமஹா டிஆர்பிஎக்ஸ் 174. மூன்றும் புதிதாகப் பழகுகிறவர்களுக்காக வருபவை, நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்). விலையிலும் பெரிய இடைவெளி கிடையாது. அதனால் விலையை ஒதுக்கிவிட்டு, நம் கடற்கரை வீட்டில் எது ஒழுங்காக ரெக்கார்ட் ஆகும் என்று மட்டும் யோசித்தேன்.

முதல் பிரச்சினை இரைச்சல். இங்கே பழைய வீடுகள் பலவற்றில் எர்த் சரியாக இருக்காது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. பேஸின் தடித்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த ஏ கம்பி 55. இ கம்பியின் மூன்றாவது ப்ரெட்டில் (நெக் என்னும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பிறக்கும் ஜி 49. அப்படியென்றால் கரண்டின் ‘ஊம்’ சத்தம் வாசிக்கிற சுரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். குரல் ரெக்கார்டிங்கில் அந்த அடிச்சத்தத்தை வெட்டிவிடலாம். பேஸில் வெட்டினால் வாசித்ததும் சேர்ந்தே போய்விடும்.

இதற்கு மருந்து பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளில்தான் இருக்கிறது. ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரசிஷன் பேஸுக்கு 1957இல் இரண்டாகப் பிளந்த பிக்கப் வந்தது. இரண்டு பாதியும் எதிரெதிராக அமைந்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் மிஞ்சும். அந்தப் பேஸின் வழியில் வந்த சோனிக்கில் இருப்பது இந்த ஒரே பிக்கப். ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். செருகினால் வாசிக்கலாம்.

ஐபனீஸிலும் யமஹாவிலும் இதோடு பாலத்தின் (கம்பியின் அடிமுனை நிற்கும் இடம்) பக்கம் ஜாஸ் வகைப் பிக்கப் ஒன்று கூடுதலாக உண்டு. கூர்மையான, மூக்கால் பேசுவதுபோன்ற சத்தம் அதில்தான் வரும். ஆனால் அது எதிரெதிர்ப் பாதிகள் இல்லாத ஒற்றைச் சுருள், இரைச்சலைக் கூட்டிக்கொண்டு வரும். நல்ல வேளையாக இரண்டிலும் பிக்கப்புக்கு ஒரு வால்யூம் தனித்தனியாக இருக்கிறது. இரைச்சல் வந்தால் ஜாஸ் பக்கத்தை இறக்கிவிடலாம்.

கைக்கு இதமானது ஐபனீஸ்தான், இதை மறைக்க மாட்டேன். மெல்லிய நெக், புது விரலுக்கு வலி குறைவு. ஆனால் அடிச்சத்தத்தைக் கூட்டும் அதன் சர்க்யூட்டுக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். ஒயர் செருகியே கிடந்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். நான் முதலில் வாங்கிய பழைய பேஸும் பேட்டரி வகைதான். கிறிஸ்துமஸ் பாட்டு ரெக்கார்டிங் அன்று இரவு பத்து மணிக்குச் சத்தம் உடைந்து கரகரத்தது. திறந்திருந்த கடை ஒன்றுகூட இல்லை. குழுவில் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனது இன்னும் மனதில் நிற்கிறது. ஈரத்தில் பேட்டரி முனை பச்சை பூத்துப்போவது தனிக்கதை.

அதனால் நான் சொன்னது யமஹா. பேட்டரி இல்லை, பிளந்த பிக்கப்பின் அமைதி இருக்கிறது, வேண்டும்போது இன்னொரு சத்தமும் கிடைக்கும். 24 ப்ரெட் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கோயில் பாட்டுக்கு அவ்வளவு மேலே போகவே மாட்டோம். இரண்டாமிடம் சோனிக்குக்கு. ஒரே சத்தம் போதும், திருகிப் பார்க்கிற வேலையே வேண்டாம் என்கிறவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம்.

பத்து, பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்றால் 28.6 அங்குல ஐபனீஸ் மைக்ரோவைப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் உப்புக் காற்று விடாது. நிக்கல் பூசிய கம்பி இங்கே சில வாரத்திலேயே சொரசொரப்பாகிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடுதல் நாள் தாங்கும், ப்ரெட்டைக் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், பரவாயில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு அருகே சுவரில் மாட்டாதீர்கள், உறைக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

அப்புறம் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கிட்டாரை நேராகச் செருகும் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் (சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) காதை மூடும் ஹெட்போனும் போதும். லேப்டாப் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் கேட்காது, அதை நம்பி மிக்ஸ் செய்தால் பேஸைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுவோம்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறோம். மூன்றையும் மடியில் வைத்து, நெக்கை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்து, ஒவ்வொரு ப்ரெட்டாக அழுத்திக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு ப்ரெட் கடகடத்தாலும் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைக் கேட்போம்.