வடக்கு மாசி வீதிச் சந்தில் ஒரு வாடகை நூலகம்

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே உள்ள முன்னறையிலும் அதையொட்டிய பின்னறையிலுமாக இந்த வாடகை நூலகம் நடந்து வருகிறது. பெயர்ப்பலகை இல்லை. அக்கம்பக்கத்தில் ‘லெண்டிங் லைப்ரரி’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். துப்பறியும் கதைகள், சரித்திரக் கதைகள், சமையல் புத்தகங்கள் எல்லாம் ஓரளவுக்கு இருந்தாலும், இந்த நூலகத்தின் உண்மையான பலம் நட்பையும் காதலையும், அவற்றின் வழியாக ஒருவர் தம்மைத் தாமே அறிந்துகொள்வதையும் சொல்லும் நாவல்கள்தாம். நான் உறுப்பினராகச் சேர்ந்தது அவற்றுக்காகவே என்பதால் இந்த மதிப்புரையும் அவற்றைப் பற்றியதே.

நடைமுறை எளியது. முன்பணம் 500 ரூபாய். விலகும்போது திரும்பக் கிடைக்கும். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, அதாவது 300 ரூபாய் நாவலுக்கு 30 ரூபாய். பத்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகமும், நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கும் ஊரில் காசு கொடுத்து நாவல் எடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நூலகங்களையும் நான் பெரிதும் மதிக்கிறேன். என்ன வேண்டும் என்று தெரிந்து செல்பவருக்கு அவற்றுக்கு இணை இங்கு இல்லை. ஆனால் அடுத்து எதைப் படிப்பது என்று தெரியாமல் வரும் வாசகருக்கு, குறிப்பாகக் கல்லூரிப் பருவத்தினருக்கு, இந்தச் சிறிய இடம் செய்யும் உதவி வேறு வகையானது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எந்த எடத்துல மூடி வச்சீங்க?” என்றுதான் உரிமையாளர் கேட்பார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்பதில்லை. வாசகர் எந்த இடத்தில் மேலே செல்ல முடியாமல் நின்றார் என்பதை வைத்து அடுத்த புத்தகத்தை எடுத்துத் தருகிறார். மாத நாவல்களை மட்டுமே படித்து வந்த மாணவி ஒருவர், நாயகன் மன்னிப்புக் கேட்கும் காட்சி வந்ததும் படிக்கத் தோன்றவில்லை என்று சொன்னதைக் கேட்டேன். “அப்ப இதப் பாரும்மா” என்று அவர் எடுத்துக் கொடுத்தது ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. மன்னிப்பால் முடிந்துவிடாத ஓர் உறவை அந்த நாவல் எடுத்துக்கொள்கிறது. தன் வாழ்க்கையைத் திசை மாற்றிய பிரபுவைப் பல ஆண்டுகளுக்குப் பின் கங்கா தானே தேடிச் செல்வதும், அவர்களுக்கிடையே பெயரிட முடியாத ஒரு தோழமை வளர்வதும், அதைச் சுற்றத்தார் எவராலும் புரிந்துகொள்ள முடியாமற் போவதுமாகக் கதை நகர்கிறது. அந்த மாணவியின் தயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் யோசித்திருக்க மாட்டேன். மாத நாவல்களைப் பற்றி உரிமையாளர் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவற்றையும் முன்வரிசையிலேயே அட்டை போட்டு வைத்திருக்கிறார்.

இவரிடமிருந்து எனக்குக் கிடைத்த புத்தகங்களில் மிகவும் போற்றுவது ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், போருக்குப் பின் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர் சிங்காரம். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யை அறிந்த பலர் இந்த முதல் நாவலைத் தொட்டதில்லை. பினாங்கில் வட்டிக்கடையில் வேலை செய்த செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் இடையே உள்ள அன்பை, பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடைக்கு ஆகமாட்டான் என்ற ஒரே எண்ணம் முறிக்கிறது. காதல் கைகூடாத கதைகள் தமிழில் ஏராளம். ஆனால் தோற்றவன் பக்கத்தில் மாணிக்கத்தைப் போன்ற ஒரு நண்பனை உட்கார வைத்து, இழப்பை ஏற்றுக்கொள்வது எப்படி என்று இருவரையும் பேசவிட்ட நாவல்கள் மிகக் குறைவு. காதலியை இழந்த செல்லையா, போர்க்களத்தில் கண்ட தன்னையும் கடையில் கைகட்டி நின்ற தன்னையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதற்கு அந்த நட்பே இடம் தருகிறது. கீழ ஆவணி மூல வீதியிலோ மேல மாசி வீதியிலோ கடைவேலை பார்க்கும் இளைஞர் எவருக்கும் அந்த முதலாளியின் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ மூன்று பிரதிகள் இருந்தும் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். நாயகன் பாபு காதலிக்கும் யமுனாவைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். பாபுவின் நண்பன் ராஜத்தைக் கவனித்துப் படிக்குமாறு உரிமையாளர் சொல்லித் தந்தார். அப்படிப் படித்தபோது நாவல் எனக்கு வேறாகத் தெரிந்தது. வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகளும் பின்னறையில் இருக்கின்றன; ஓவியங்களோடும் அந்தக் கால விளம்பரங்களோடும் அவற்றைப் படிப்பது தனி இன்பம்.

புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பழைய வாசகர்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகளை உரிமையாளர் அழிப்பதில்லை. ‘இவள் போயிருக்கக் கூடாது’ என்று ஒருவர் எழுத, வேறு கையெழுத்தில் ‘போனதுதான் சரி’ என்று மற்றொருவர் மறுத்திருக்கிறார். முகம் தெரியாத இருவர் ஒரு கதாபாத்திரத்துக்காக இவ்வளவு அக்கறையோடு வழக்காடுவதைப் படிக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் எழுத வந்தவர்களின் நாவல்கள் மிகக் குறைவாகவே உள்ளன. இன்றைய இளைஞரின் நட்பும் காதலும் கைப்பேசியிலும் வெளியூர் விடுதிகளிலும் நிகழும்போது, அலமாரி இன்னும் கடிதக் காலத்திலேயே நிற்பது வருத்தமளிக்கிறது. பெண்கள் எழுதிய நாவல்களைத் தனி அடுக்கில் வைத்திருப்பதும் எனக்கு ஏற்புடையதன்று; ஆண் வாசகர்கள் அந்தப் பக்கம் திரும்பாமலேயே போய்விடுகிறார்கள். பைண்டு செய்த தொகுதிகளில் இடையிடையே அத்தியாயங்கள் காணாமற் போயிருக்கின்றன. எடுத்துச் செல்லும் முன் புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. நூற்பட்டியல் எதுவும் இல்லை. எல்லாம் உரிமையாளரின் நினைவில் இருப்பதால், அவர் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் கேட்டுப் பயனில்லை.

மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை உரிமையாளரே இருப்பார், ஞாயிறு விடுமுறை. சித்திரைத் திருவிழா நாள்களில் மாசி வீதிகளில் கூட்டம் நெருக்கும். கடையும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. முதன்முறை செல்பவர்கள் ஒரு நாவலின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, கடைசியாகப் படித்ததைப் பற்றி அவரிடம் சற்று நேரம் பேசிவிட்டு எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.